இழைமணிக்கு எந்தச் சேரி?

யசோதினி ஒற்றைக் கையால் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு, மற்றக் கையால் எனக்கு இணையத்தைக் காற்றில் வரைந்து காட்டினாள். அதுவும் எங்கே? மண்முனைப் பாலத்தின் நடுவில். இரண்டு பக்கமும் வாவி, எதிரே நெல் மூட்டை ஏற்றிய லொறி, முகத்தில் அறைகிற காற்று.

"பிள்ளைகள் அங்க போனில அமத்தினா, இஞ்ச திரையில தடி தடியா எழும்புது கா! எத்தின பேர் சரி, எத்தின பேர் பிழை, எல்லாம் அந்த நிமிசமே தெரியுது புஸ்பம்!"

"ரெண்டு கையாலயும் பிடி கா. இல்லாட்டி நாம ரெண்டு பேரும் எழும்பாமப் போயிருவம்" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

அவள் கேட்டால்தானே. அன்றைக்கு அவளுடைய கால் தரையில் படவே இல்லை.

அவளும் நானும் மட்டக்களப்பு டவுனில் அடுத்தடுத்த ஒழுங்கையில் இருக்கிறோம். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வயல் வட்டைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விஞ்ஞானம், நான் தமிழ். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளை எது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, தன் பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுவாள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்னால், அவள் பாடம் எடுத்தால் வகுப்புத் தூங்கும். சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும், குறிப்பு முத்து முத்தாக இருக்கும். பத்தாம் வகுப்பின் பின்வரிசை நிதுர்ஷன் ஒருநாள் நித்திரையில் கதிரையோடு சரிந்து விழுந்தான். இவள் பதறி ஓடிப்போய்த் தூக்கி, "அடிபட்டுதா மனே?" என்று தடவிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து குறிப்பைத் தொடர்ந்தாள்.

முதலாம் தவணைச் சோதனையில் அந்த வகுப்பில் பாதிக்கு மேல் விஞ்ஞானத்தில் கவிழ்ந்தது. பெற்றோர் கூட்டத்தில் நல்லரத்தினம் எழுந்தார். வேளாண்மைக்காரர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர், குரல் மட்டும் ஒலிபெருக்கி. அவருடைய மகள் விதுர்ஷா அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

"டீச்சர் தங்கமான மனிசி. அதில ஒரு பேச்சும் இல்ல. ஆனா பிள்ளைகளுக்கு ஒண்டும் விளங்குதில்ல. அடுத்த வருசம் ஓ.எல். சோதனை எடுக்கிற பிள்ளைகள். வேற ஆளப் போடுங்க" என்றார்.

பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவரே பதினொன்றுக்கும் கொண்டுபோய், பரீட்சை மண்டபத்து வாசல்வரை விட்டுவருவதுதான் எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். நடுவழியில் வகுப்பைப் பறிப்பது ஊரறியக் கன்னத்தில் போடுவது போல. அதிபர் மழுப்பி, இரண்டாம் தவணை முடிய எல்லோரையும் கூட்டி முடிவெடுக்கலாம் என்று கூட்டத்தைக் கலைத்தார். அன்று யசோதினி இரண்டு கையாலும் ஸ்கூட்டியைப் பிடித்து ஓட்டினாள். பாலம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"அந்தாள் சொன்னது உண்மை புஸ்பம். அதுதான் கூட நோகுது. இந்த வகுப்ப மட்டும் என்னட்டயிருந்து எடுத்துப் போட்டாங்க எண்டா, மறுகா நான் எந்த முகத்தோட வகுப்புக்குள்ள போற?"

எனக்கு நல்லரத்தினத்தைப் பிடித்து வாவிக்குள் தள்ளிவிடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான், அவளைப் பாலத்தில் ஒற்றைக் கையால் ஓட்டவைத்த அந்தப் பயிற்சி வந்தது. வகுப்பறையில் இணையத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர்களுக்கு டவுனில் ஒருநாள் வகுப்பு. அவள் வகுப்பைக் காப்பாற்றப் போனாள், நான் மத்தியானச் சோற்றுக்குப் போனேன். காத்தான்குடியிலிருந்து வந்த றமீஸ் என்ற பயிற்றுநர் திரையில் ஒரு கேள்வியையும் அதற்குக் கீழே ஓர் இலக்கத்தையும் போட்டு, "போனில இந்த நம்பர அடிச்சி உள்ளுக்கு வாங்க டீச்சர்மாரே" என்றார். கேள்வி என்னவென்றால், மத்தியானத்துக்குக் கோழியா மீனா. எல்லோரும் அமர்த்த அமர்த்தத் திரையில் இரண்டு வண்ணத் தடிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உயர்ந்தன. பேரப்பிள்ளை கண்ட ஆசிரியைகள் கதிரையில் ஏறி நின்று கூச்சல் போட்டார்கள். மீன் வென்றது. நான் கோழிக்கு அமர்த்தியவள், ஆகவே கைதட்டவில்லை. பெயர் போடாமல் பிள்ளைகள் பதில் எழுதுகிற பலகை, எல்லோரும் சேர்ந்து படம் வரைகிற பக்கம் என்று றமீஸ் பிறகும் எத்தனையோ காட்டினார். யசோதினிக்குப் பித்துப் பிடித்தது அந்தத் தடியில்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. அதனால், இரண்டு அணி மோதுகிற ஒரு கேள்விப் போட்டியை வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் வைத்தாள். பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி தாய் தகப்பனின் போனில் சேரவேண்டும். கேள்விகளைப் போட்டு முடித்ததும், இரண்டு அணிக்கும் பெயர் என்ன என்று அந்தத் தளம் கேட்டது. அணி ஒன்று, அணி இரண்டு என்று போட்டிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திராது. அது வைகாசி மாதம். ஊரில் கண்ணகை அம்மன் கோயிலுக்குக் கதவு திறந்து சடங்கு தொடங்குகிற நேரம். இவள் வடசேரி, தென்சேரி என்று போட்டாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொம்புமுறி என்று ஒரு விளையாட்டு. அம்மனுக்காக ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து, வளைந்த இரண்டு தடிகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எந்தப் பக்கத்துத் தடி முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களைப் பாட்டில் வைத்து நாறடிப்பார்கள். வடசேரி கோவலனுடையது, தென்சேரி கண்ணகியுடையது. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி, அதனால் ஒரே வீட்டுக்குள் புருசன் ஒன்று, பெண்சாதி மற்றது. நல்லரத்தினம் தென்சேரி. அவருடைய மனைவி பெயரோ கண்ணகை, பிறந்ததோ வடசேரி. "பேர் அம்மன்ட, சேரி கோவலன்ட" என்று அந்த மனிசியைச் சீண்டாத வாய் ஊரில் இல்லை.

"நெருப்போட விளையாடாத கா" என்றேன் யசோதினியிடம்.

"பிள்ளைகள்தானே புஸ்பம். ஒரு உசார் வரட்டும் எண்டுதான்."

முதல் வெள்ளி, பிள்ளைகள் மட்டும்தான் சேர்ந்தார்கள். உயிர்க் கலத்தைப் பற்றிய கேள்விகள். கலத்துக்கு வேண்டிய சக்தியை வெளியிடுவது எது என்ற கேள்விக்குத் தென்சேரிப் பிள்ளைகள் கலச்சுவர் என்று கூட்டமாக அமர்த்தித் தோற்றார்கள். இழைமணி, அதாவது மைட்டோகொண்ட்ரியா, என்பது சரியான விடை. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் வடசேரிப் பிள்ளைகள் தாளம் போட்டுப் பாடினார்கள்:

"இழைமணி அறியாத தென்சேரியாருக்கு
எருமைக்குப் பக்கத்தில் பாய்போடுங்கோ!"

இதைக் கேட்டு நான் பிரம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் மோனையைக் கவனித்து நின்றுவிட்டேன். நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

அந்தப் பாட்டு மத்தியானத்துக்குள் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டது. அங்கே நல்லரத்தினம் வாய்ப்பன் கடித்துக்கொண்டிருந்தார். வடசேரிக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துத் தாளம் போட்டார். அவர் பாதி வாய்ப்பனை வைத்துவிட்டு எழுந்து நேரே வீட்டுக்குப் போய், மகளின் விஞ்ஞானப் புத்தகத்தைக் கேட்டாராம். இதை விதுர்ஷா சொன்னபோது யசோதினி நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் இரண்டு நாளில் நானே கண்ணால் கண்டேன். வட்டைக்குத் தண்ணீர் பாய்கிறது, வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து அந்த மனிதர் புத்தகம் படிக்கிறார். எங்களைக் கண்டதும் கையைக் காட்டி ஸ்கூட்டியை மறித்தார்.

"டீச்சர், இலைக்குப் பச்சை குடுக்கிற பச்சையவுருமணி விலங்குக் கலத்தில இல்லத்தானே?"

"ஓம், இல்ல" என்றாள் யசோதினி.

"அப்ப சரி. இந்த வெள்ளிக்கிழம பாப்பம்" என்று மீசையைத் தடவிக்கொண்டு திரும்பக் குந்தினார்.

அடுத்த வெள்ளிக்கு நான் யசோதினி வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன. அவள் மடிக்கணினியைத் திறந்து இலக்கத்தை வகுப்பு வட்ஸ்அப்பில் போட்டாள். போட்டதுதான் தாமதம், திரையில் பெயர்கள் பொரி பொரிவது போலக் குதித்தன. தென்சேரிச் சிங்கம். கோவலன் 2. மாட்டுக்காரன். வயிற்றெரிச்சல். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் சொந்தப் பெயரிலேயே உள்ளே வந்திருந்தார். டோஹா வடசேரி என்று ஒருவர் கட்டாரில் கம்பனி பஸ்ஸுக்குள் இருந்து சேர்ந்திருந்தார்.

"இது ஆர் கா, இவ்வளவு பேர்?" என்றாள் யசோதினி. அவள் கண் இரண்டும் அகப்பைக் கண்ணாக விரிந்துவிட்டது.

"நான் என்ன சொன்ன நான்? நெருப்பெண்டு சொன்னனா இல்லயா? அங்க பார், தென்சேரி ஏறுது, அமத்து, அடுத்த கேள்வியப் போடு!"

உண்மையைச் சொல்கிறேன், நான் எழுந்து நின்று குதித்தேன். எனக்கு அந்த ஊரில் சேரியும் இல்லை, காணியும் இல்லை. ஆனாலும் இரண்டு தடியும் முந்தி முந்தி ஏறும்போது யாரால் சும்மா இருக்க முடியும்? யசோதினி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். இந்த மனிசர்கள்தான் அவளைக் கழற்றச் சொன்னவர்கள். இப்போது அவளுடைய கேள்விக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வியில் தென்சேரி மயிரிழையில் வென்றது. அந்த நேரம் நல்லரத்தினத்தார் வீட்டில் கண்ணகை போனைத் தலையணையில் எறிந்துவிட்டு, புருசனுக்கு மீன் குழம்பில் வாலை மட்டும் போட்டுக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

எங்கள் சிரிப்பு அடங்குவதற்குள் விதுர்ஷா யாருடைய போனிலிருந்தோ அழைத்தாள்.

"டீச்சர், அப்பா போனத் தரல்ல. நாங்க ஒருத்தருமே உள்ள வர ஏலாமப் போச்சு. இடம் முடிஞ்சுது எண்டு காட்டுது."

இலவசக் கணக்கில் ஐம்பது பேருக்குத்தான் இடம். ஐம்பதையும் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தேடிப் பார்த்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளை என்று ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

யசோதினி மடிக்கணினியை மூடினாள். "என்ட பிள்ளைகள வகுப்புக்கு வெளியில நிப்பாட்டிப் போட்டன் புஸ்பம்" என்று தலையில் கை வைத்தாள். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அதன் பிறகு, பள்ளிக்கூடத்து அலுமாரியில் கிடந்த கொஞ்ச டெப் கணினிகளை அதிபரிடம் கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தனியாகவும், ஊருக்கு வெள்ளிக்கிழமை வேறாகவும் வைத்தாள். ஊர்ப் போட்டியை நிறுத்தத்தான் பார்த்தாள், ஊர் விட்டால்தானே. இரண்டாம் தவணைச் சோதனை வந்தது. பிள்ளைகளின் புள்ளி கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் துள்ளிக் குதிக்கிற அளவுக்கு இல்லை. தகப்பன்மாருக்கு அந்தச் சோதனையை வைத்திருந்தால் ஊரே ஏ எடுத்திருக்கும்.

கடைசியில் அந்தக் கூட்டமும் வந்தது. எந்தக் கூட்டத்துக்கும் வராத சனமெல்லாம் மண்டபத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அதிபர் சண்டை வரப்போகிறது என்று பயந்து, மேசையைத் தனக்கும் சனத்துக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். யசோதினி புதுச் சேலை உடுத்து, ஆனால் முகம் வெளிறி, பெரிய திரைக்குப் பக்கத்தில் நின்றாள். நல்லரத்தினம் எழுந்தார்.

"போன கூட்டத்தில நான் ஒண்டு சொன்ன. அத நானே திருப்பி எடுக்கிறன். யசோதினி டீச்சர மாத்த ஏலா. அவதான் பதினொண்டுக்கும் எடுக்கோணும்."

"டீச்சரத் தொட்டா வடசேரி பாத்துக்கிட்டு இரிக்காது!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணகை கத்தினாள். இரண்டு சேரியும் ஒரே பேச்சில் நின்றதை அந்த ஊர் கண்டது அன்றுதான். அதிபர் பெருமூச்சு விட்டுப் பேனையை எடுத்தார். முடிந்தது, வென்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் பொறுங்க சேர்" என்றாள் யசோதினி.

எனக்கு வந்த கோபத்தில் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். "வாய மூடிக்கிட்டு இரி கா, கிடைச்சிட்டு" என்று பல்லைக் கடித்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"நீங்க எல்லாரும் நல்லாப் படிச்சிட்டீங்க. ஆனா ஓ.எல். எழுதப் போறது நீங்க இல்லயே. அவங்களக் கேப்பம்" என்று சுவரோரத்தைக் காட்டினாள்.

டெப்களும் எங்கள் ஆசிரியர்களின் போன்களுமாகப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தோம். பெரியவர்கள் போனைக் கையில் எடுக்கவே கூடாது என்று யசோதினி சொல்ல, வண்ணக்கர் முதற்கொண்டு எல்லோரும் நல்ல பிள்ளைகளாகச் சட்டைப் பைக்குள் வைத்தார்கள். திரையில் கேள்வி வந்தது. அடுத்த வருசம் நான் உங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கவா? ஓம் என்று ஒரு பெட்டி, வேணாம் என்று ஒரு பெட்டி. பெயர் தெரியாது.

ஓர் ஆசிரியை தன் மாணவர்களிடம் இப்படிக் கேட்டதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. என் வகுப்பில் கேட்கவும் மாட்டேன், எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. ஓம் என்ற தடி எழும்பிற்று, மடமடவென்று உயர்ந்தது. சனம் கைதட்டியது. பிறகு பக்கத்தில் வேணாம் என்று ஒரு சின்னத் தடி தலை காட்டியது. நாலு பேர்.

"ஆரது? ஆர் அந்த நாலும்?" என்று நல்லரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டினார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"தேடாதீங்க அண்ணன். பேர் சொல்லத் தேவல்ல எண்டு நான்தான் சொன்ன. ஏன் வேணாம் எண்டு எழுதட்டும்" என்று யசோதினி அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

திரை வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு வரி வந்தது: டீச்சர் நல்லவ, ஆனா நித்திரை வருது. மண்டபம் குலுங்கிச் சிரித்தது, அதிபர்கூட. அடுத்த வரி: நீங்க கேள்வி கேப்பீங்க, கேட்டுட்டு நீங்களே பதிலும் சொல்லிருவீங்க. அதற்குக் கீழே: நாங்க யோசிக்க முதல் சொல்லிருவீங்க. அதற்குக் கீழே: ஓம் அது உண்மை. அதற்குக் கீழே: எனக்கும் அதுதான். வரிகள் நாலோடு நிற்கவில்லை. ஓம் என்று அமர்த்தியவர்களும் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்பது விளங்கியது.

யாருக்கும் இப்போது சிரிப்பு வரவில்லை. நான் வயரைப் பிடுங்கலாமா என்று பார்த்தேன். யசோதினியின் காது இரண்டும் சிவந்திருந்தன. அவள் ஒவ்வொரு வரியாக வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு வருசமா இத எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே. நீயும் சொல்லல்ல புஸ்பம்" என்றாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோசம். பாலத்தில் கையை விட்டு ஓட்டிய நாளில் இருந்ததைவிடப் பெரிய சந்தோசம். எனக்கு அழுகை வந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அவள் பிள்ளைகளைப் பார்த்து நிமிர்ந்தாள். "சரி. ஒரு கேள்வி கேக்கன். நெல்ல அவிச்சுப் போட்டு விதைச்சா ஏன் முளைக்காது?"

கேட்டுவிட்டு நின்றாள். மண்டபம் முழுக்க நெல் விதைக்கிறவர்கள். அவித்த நெல் முளைக்காது என்று தெரியாத ஆள் அங்கே கிடையாது. ஏன் என்று எவரும் யோசித்ததில்லை என்பது ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. நேரம் போனது. யசோதினியின் உதடு அசைந்தது, பதில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அவள் சேலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லரத்தினம் ஏதோ சொல்ல எழுந்தார், கண்ணகை எட்டி அவரைப் பிடித்து இருத்தினாள்.

"அவிச்சா நெல்லு செத்திரும்" என்றாள் விதுர்ஷா சுவரோரத்திலிருந்து.

யசோதினி தலைப்பை எடுத்தாள். "செத்தது எது? நெல்லுக்குள்ள என்ன செத்தது?"

திரும்பவும் வாயைப் பொத்தினாள். விதுர்ஷா நிதுர்ஷனைப் பார்த்தாள். கதிரையோடு விழுந்த அதே நிதுர்ஷன் இப்போது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பிள்ளைகளுக்குள் குசுகுசு என்று பேச்சுத் தொடங்கியது. ஒருத்தி முளை என்றாள், இன்னொருவன் அது இல்லை, அதுக்குள்ள ஏதோ இரிக்கு என்றான். இரண்டு சேரிப் பிள்ளைகளும் ஒரே குவியலாகிவிட்டார்கள். அதிபர் பொறுமை இழந்து, "டீச்சர், விடையச் சொல்லுங்க, கூட்டத்த முடிப்பம்" என்றார்.

"சொல்லிராதீங்க டீச்சர்!" என்று விதுர்ஷா கத்தினாள். "நாளைக்கு நாங்க சொல்றம்."

அதிபர் பேனையை எடுத்து, பதினோராம் வகுப்பு விஞ்ஞானம் என்பதற்கு நேரே யசோதினியின் பெயரை எழுதினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. வாயைப் பொத்தியபடி பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.